வயலுக்கும் வாய்க்கும் இடையே: இன்றியமையாச் சத்துகளும் நம் உணவும்



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட பொருள் இன்றியமையாச் சத்துகளும் நலமான உணவும். தலைப்பைக் கேட்டதும் அவையில் பலருக்கு ஒரு பட்டியல் நினைவுக்கு வந்திருக்கும். கேரட்டில் விட்டமின் ஏ, நெல்லிக்காயில் சி, கேழ்வரகில் கால்சியம், முட்டையில் புரதம். பள்ளிப் பாடப்புத்தகத்திலும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்திலும் வாட்ஸப் குழுக்களிலும் இந்தப் பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பட்டியலில் பிழையில்லை. ஆனால் அதை மனப்பாடமாக ஒப்பிக்கிற வீட்டிலும் இரத்தசோகை இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். எந்தப் பொருளில் எந்தச் சத்து என்று இத்தனை பேருக்குத் தெரிந்த நாட்டில் இது எப்படி நடக்கிறது? இதற்கு விடை தேடுவதே இன்றைய என் பேச்சு.

முதலில் வரையறையைச் சொல்லிவிடுகிறேன். உயிர் நடக்கத் தேவையானது, ஆனால் உடம்பு தானே செய்துகொள்ள முடியாதது, அல்லது போதிய அளவு செய்துகொள்ள முடியாதது எதுவோ அது இன்றியமையாச் சத்து. விட்டமின்கள் 13, அமினோ அமிலங்கள் 9, கொழுப்பு அமிலங்கள் 2, கனிமங்கள் ஏறத்தாழ 15, இவற்றோடு தண்ணீர். நாற்பதுக்குச் சற்று முன்பின்னாகக் கணக்கு முடிந்துவிடும். இவையெல்லாம் வேலை செய்ய எரிபொருளாகக் கலோரியும் வேண்டும்.

இன்றியமையாதது எது என்பது உயிருக்கு உயிர் மாறும். ஆடும் மாடும் எலியும் விட்டமின் சி-யைத் தம் ஈரலிலேயே செய்துகொள்கின்றன. மனிதனுக்கும் குரங்குக்கும் கினிப்பன்றிக்கும் அந்தத் திறன் இல்லை. வாழ்கிற விதத்தைப் பொறுத்தும் மாறும். வெயிலில் தோல் செய்துகொள்ளும் விட்டமின் டி இந்தப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம், வெயில் படாமல் வாழ்கிறவர்கள் பெருகிப்போனதுதான்.

ஒரு பொருளில் சத்து இருப்பது வேறு, அது உடம்புக்கு வந்து சேர்வது வேறு என்பதே நான் சொல்ல வந்தது. நடுவில் நீண்ட பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் சத்து மூன்று இடங்களில் தவறுகிறது. ஆலையிலும் அடுப்பிலும் கழிந்துபோகிறது. சேரவேண்டிய துணை தட்டில் இல்லாததால் குடலிலேயே நின்றுவிடுகிறது. உண்ணவேண்டியவருக்குப் பங்கு வராமலே போகிறது. மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

கோழிகள் காட்டிய உண்மை

நோய்க்கு ஏதோ ஒன்று உடம்புக்குள் புகுந்திருக்க வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவம் பெற்றிருந்த புதிய நம்பிக்கை. காசநோய், காலரா என ஒவ்வொன்றுக்கும் கிருமி கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒன்று இல்லாமல் போவதாலும் நோய் வரும் என்று அப்போது எவருக்கும் எளிதில் தோன்றவில்லை.

கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, உடல் வீங்குவது, கடைசியில் இதயம் செயலிழப்பது என்று வளரும் பெரிபெரி நோய், அரிசி உண்ணும் ஆசியா முழுவதும் படைவீரர்களையும் கைதிகளையும் மாலுமிகளையும் கொன்றுகொண்டிருந்தது. அதன் கிருமியைத் தேடி 1886-ல் ஜாவாவுக்குப் போன டச்சுக் குழுவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற இளம் மருத்துவர் இருந்தார். அவருடைய ஆய்வகக் கோழிகளுக்குத் திடீரெனப் பெரிபெரி போலவே கால் விளங்காமல் போயிற்று. பிறகு தானாகவே சரியாயிற்று. விசாரித்தபோது காரணம் கிருமியில் இல்லை, சமையலறையில் இருந்தது. சிலகாலம் அந்தக் கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனையில் மீந்த வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர்களின் அரிசியைச் சிவிலியன் கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் மறுபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பின, நோயும் போய்விட்டது.

அடுத்து ஃபோர்டர்மான் என்ற அதிகாரி ஜாவாவின் நூறு சிறைகளில், ஏறத்தாழ 2,80,000 கைதிகளை வைத்துக் கணக்கெடுத்தார். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் என்ற அளவில் பெரிபெரி. தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் அது பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. இவ்வளவுக்குப் பிறகும், வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றுதான் எய்க்மான் எண்ணினார். அவருக்குப் பின் அங்கே பணியாற்றிய கெரிட் கிரெய்ன்ஸ் 1901-ல் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்றார். 1912-ல் காசிமிர் ஃபங்க் அத்தகைய பொருள்களுக்கு விட்டமின் என்று பெயரிட்டார். 1926-ல் ஜாவாவிலேயே யான்சனும் டோனாத்தும் அரிசித் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். இன்று தயமின், அதாவது விட்டமின் பி1 என்று அறியப்படுவது அதுவே.

தயமின் நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் போதும். சோற்றிலுள்ள மாவுச்சத்தை உடம்பு ஆற்றலாக மாற்றும்போது அது உதவிக்கு நிற்கிறது. ஆகையால் சோறு கூடக்கூட தயமின் தேவையும் கூடும். வெள்ளைச் சோறு தேவையை ஏற்றிவிட்டு, அதை நிறைவேற்றும் பொருளை ஆலையிலேயே விட்டுவிட்டு வருகிறது. உடம்பின் கையிருப்போ சில வாரங்களுக்குத்தான் தாங்கும்.

தயமினைச் செயற்கையாக உருவாக்கும் வழியை 1936-ல் கண்டவர் ராபர்ட் ஆர். வில்லியம்ஸ் என்ற அமெரிக்க வேதியியலார். அவர் பிறந்தது 1886-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில். அவருடைய தம்பி ராஜர் வில்லியம்ஸ் 1893-ல் உதகமண்டலத்தில் பிறந்தார். பான்டோதெனிக் அமிலத்தைக் கண்டவர் அந்தத் தம்பி. ஃபோலிக் அமிலத்தை நான்கு டன் கீரையிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்ட 1941-ஆம் ஆண்டு ஆய்விலும் அவர் இருந்தார். பி குழுமத்து விட்டமின்களில் மூன்றின் வரலாறு, பாப்டிஸ்ட் சமயப் பணியாளர் குடும்பமொன்றின் இரு பிள்ளைகள் வழியாக நம் மாகாணத்தைத் தொட்டுச் செல்கிறது.

புழுங்கலரிசியும் குன்னூரும்

உதகைக்குப் பக்கத்திலேயே, குன்னூரில், இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி பிறந்தது. பாஸ்டர் நிறுவன வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் தொடங்கிய சிறு விசாரணை, ஊட்டச்சத்து ஆராய்ச்சி ஆய்வகங்களாக வளர்ந்தது. 1958-ல் அது ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதன் தொடர்ச்சி.

மெக்காரிசனின் புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. ஒரே இனத்து எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடத்தில் நின்றன. தீட்டிய அரிசியை நம்பிய, பாலும் காயும் குறைந்த சென்னை மாகாணத்து ஏழையின் உணவை உண்ட எலிகள் கடைசி. வடக்கத்தியர் வீரர், தெற்கத்தியர் சோனி என்ற பேச்சுக்கு இந்த முடிவைச் சான்றாக்கிக்கொண்டவர்கள் அன்றே இருந்தார்கள். சோதனை சொன்னது அதற்கு நேர் எதிரானது. எலிகள் ஒன்றே, தட்டுதான் வேறு. சாதியிலும் இனத்திலும் ஏற்றிச் சொல்லப்பட்ட வேறுபாட்டில் பெரும்பங்கு தட்டின் வேறுபாடு என்பதே அதன் பொருள்.

மெக்காரிசனுக்குப் பின் 1935-ல் குன்னூருக்கு வந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு அரிசியின் கேள்வியை எடுத்துக்கொண்டார். சென்னை மாகாணத்தின் வட கோடியில், ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களிலும் அரிசிதான் உணவு, ஆலைகளும் இருந்தன, ஆனால் பெரிபெரி ஒரு பிரச்சினையாக இல்லை. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கலரிசி என்பதுதான் வேறுபாடு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்குகிறது. காய்ந்தபின் அரிசி இறுகிவிடுகிறது. பிறகு ஆலை எவ்வளவு தீட்டினாலும், வீட்டில் எத்தனை முறை களைந்தாலும், உள்ளே போனதில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. பூசைக்கும் விருந்துக்கும் பச்சரிசியை உயர்த்தி, அன்றாடத்துக்கு என்று புழுங்கலை ஒதுக்கிய ஊர் இது. அந்த அன்றாட அரிசிதான் நம் முன்னோரின் நரம்பையும் இதயத்தையும் காத்தது.

புழுங்கலைச் சொல்லி நாம் மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. தவிடு மாட்டுக்கு, அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு, வடித்த கஞ்சியும் பல வீடுகளில் மாட்டுக்கு. சத்தின் வழித்தடத்தை வரைந்து பார்த்தால் அது நேரே தொழுவத்துக்குப் போகிறது. இன்று அதே தவிட்டிலிருந்து பிழிந்த எண்ணெயை, உடம்புக்கு நல்லதென்று புட்டியில் வாங்குகிறோம்.

அப்படியானால் உரலுக்கும் உலக்கைக்கும் திரும்பலாமா? கைக்குத்தல் அரிசிக்காக காந்தியடிகளும், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் வழியே 1930-களில் வாதாடினார்கள். சத்துக்கணக்கில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் நெல் குத்தியது யார்? அடுத்த வேளைச் சோற்றுக்காக விடியலுக்கு முன்னே உலக்கை பிடித்த பெண்கள். ஆலை வந்தபோது அவர்களுக்கு ஓய்வு வந்தது. அந்த ஓய்வைத் திரும்பக் கேட்கும் உரிமை எந்த ஊட்டச்சத்து நூலுக்கும் கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி விரைவில் சிக்குவாடை அடிக்கும். கிடங்கில் ஆண்டுக்கணக்கில் வைக்க வெள்ளை அரிசியே வசதி. வணிகமும் பெண்ணின் களைப்பும் சேர்ந்து எடுத்த முடிவு அது. மாற்றவேண்டியது ஆலையின் அளவுகோலை. எத்தனை விழுக்காடு தீட்டுவது, புழுக்குவதா இல்லையா, எவ்வளவு நாள் சேமிப்பது என்பவை இன்று பொறியியல் கேள்விகள். உலக்கை இல்லாமலே அவற்றுக்கு விடை காணலாம்.

தட்டில் யாரோடு யார்

இரண்டாவது இடம் குடல். அதன் வாசலில் சத்துக்குத் துணை வேண்டும்.

புரதத்தை எடுத்துக்கொள்வோம். உடம்பின் புரதம் கட்ட ஒன்பது இன்றியமையா அமினோ அமிலங்களும் ஒரே காலத்தில் வேண்டும். சப்பரம் தூக்குகிறவர்களில் ஒருவர் குள்ளமானால், மற்றவர்கள் எவ்வளவு நெட்டையாக இருந்தாலும் அவர் தோளின் உயரத்துக்குத்தான் சப்பரம் நிற்கும். அரிசியில் அந்தக் குள்ளத் தோள் லைசின். உளுந்திலும் துவரையிலும் லைசின் தாராளம், அங்கே மெத்தியோனின் குறைவு. இட்லியிலும் பொங்கலிலும் சாம்பார் சோற்றிலும் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. ஆனால் இதற்கு ஓர் அளவு உண்டு. சாம்பாரில் பருப்பு இருக்கவேண்டும். விலை ஏறிய மாதத்தில் துவரையைக் குறைத்துப் புளியையும் மிளகாய்த்தூளையும் கூட்டினால், பெயர் சாம்பார்தான், லைசின் வராது.

இரும்பின் கதை இன்னும் சிக்கலானது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் இரும்பைக் குடல் எளிதில் ஏற்கிறது. தானியம், பருப்பு, கீரையில் உள்ளது வேறு வடிவம். அதில் சிறு பகுதியே உள்ளே போகும். தானியத் தவிட்டிலுள்ள ஃபைட்டேட்டும் தேநீர், காப்பியிலுள்ள டானின் வகைப் பொருள்களும் அதைப் பிடித்து நிறுத்திவிடும். விட்டமின் சி பக்கத்தில் இருந்தால் அந்தப் பிடி தளரும். ஆகவே ஒரே கம்பங்களியும் கீரையும், பின்னாலேயே ஒரு குவளை தேநீர் குடித்தவருக்கு ஒரு கணக்கு, எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டவருக்கு வேறு கணக்கு. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விடுவது காசில்லாத மருத்துவம்.

தவிட்டைக் கழிப்பதால் தயமின் போகிறது, வைத்துக்கொண்டால் ஃபைட்டேட் இரும்பைத் தடுக்கிறது என்றால் என்னதான் செய்வது? ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் ஃபைட்டேட்டைச் சிதைக்கும். இட்லி மாவு இரவெல்லாம் புளிப்பதும், கேழ்வரகுக் கூழைக் கரைத்து வைத்து மறுநாள் காய்ச்சுவதும், பயறு முளைகட்டுவதும் ருசிக்காகவும் வசதிக்காகவும் வந்த பழக்கங்கள். வேதியியலும் அவற்றின் பக்கம் நிற்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியும் கோதுமையும் அதன் அருகில்கூட வராது. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபின் கேழ்வரகு பிஸ்கட்டும் கம்பு நூடுல்ஸும் கடைக்கு வந்துவிட்டன. தானியம் சிறுதானியமாக இருந்தாலும் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்து பிஸ்கட் ஆனபின் அது வேறு பொருள். உறையின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கரோட்டினுக்குத் துணை கொழுப்பு. முருங்கைக் கீரையிலும் பப்பாளியிலும் உள்ள கரோட்டினை உடம்பு விட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். எண்ணெய்ப் பசையே இல்லாத தட்டில் அது குடலைத் தாண்டுவது கடினம். பொரியலில் தாளித்த ஒரு கரண்டி எண்ணெய்க்கும் துருவிய தேங்காய்க்கும் இப்படியும் ஒரு வேலை இருக்கிறது. விட்டமின் சி-க்குப் பகை சூடு. எலுமிச்சை ரசத்தை இறக்கியபின் சாறு பிழிகிற சமையல்காரர் கசப்புக்குப் பயந்து செய்கிறார், விட்டமினும் பிழைக்கிறது. பி12-க்குத் தட்டில் துணை வேண்டாம், ஆனால் தாவரத்தில் அது இல்லை. முற்றிலும் சைவமாக இருந்து பால், தயிரையும் விட்டுவிடுகிறவர்கள் மாத்திரையையோ செறிவூட்டிய உணவையோ நாடத்தான் வேண்டும்.

யாருக்கு, எப்போது

மூன்றாவது இடம் வீடு. இதற்கு லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவரின் கதையைச் சொல்லவேண்டும். 1928-ல் பம்பாய்க்கு வந்தவர், கருவுற்ற ஏழைப் பெண்களைக் கொல்லும் ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். இரும்பு கொடுத்தும் அது அசையவில்லை. 1929-ல் குன்னூரின் ஆய்வகத்தில் சிலகாலமும், 1931-ல் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். உயர்சாதி மகளிருக்கும் முக்காடிட்ட முஸ்லிம் மகளிருக்கும் என்று தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் அந்தச் சோகையைக் குணமாக்குகிறது என்று 1931-ல் வெளியிட்டார். மார்மைட் என்பது பீர் ஆலையில் மிஞ்சிய ஈஸ்ட்டிலிருந்து செய்வது. அரிசியாலைத் தவிட்டைப் போலவே இங்கும் கழிவில்தான் சத்து இருந்தது. அதில் வேலை செய்த பொருளே பத்தாண்டுகள் கழித்துக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலம்.

வில்ஸ் நோயாளிகளின் இரத்தத்தோடு அவர்களின் தட்டையும் ஆராய்ந்தார். வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்குத் தேவை கூடுகிறது, பங்கு கூடவில்லை. வீட்டில் எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடும் வழக்கம் இன்றும் முற்றிலும் ஒழியவில்லை. கணவன் தட்டிலும் பிள்ளை தட்டிலும் விழுந்த முட்டைத்துண்டும் மீன் துண்டும் அவள் தட்டுக்கு வருவதில்லை. குடும்பத்துக்கு வாங்கிய உணவின் சராசரிக் கணக்கில் இந்தப் பள்ளம் தெரியாது.

காலத்துக்கும் இதில் பங்குண்டு. கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். தான் கர்ப்பம் என்று பெண் உறுதி செய்துகொள்வதற்குள் அந்த நாட்கள் போய்விடும். முன்பு ஒரு பிள்ளைக்கு இந்தக் குறை இருந்த தாய்மாருக்குக் கருத்தரிக்கும் முன்னரே ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, மறுபடி வருவது 72 விழுக்காடு குறைந்தது என்று 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்டது. ஐந்தாம் மாதத்தில் தொடங்கும் மாத்திரை இரத்தத்துக்கு உதவும், நரம்புக்குழலுக்கு உதவாது.

பங்கு கிடைக்காதவரிடம் நேரே பங்கைக் கொண்டு சேர்ப்பதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்க முடிவெடுத்தது. 1956-ல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது. 2022-ல் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். அரசியல் மேடையில் இவை யார் பெருமை என்று வழக்காடலாம். உணவியல் மாணவர் இவற்றை வேறு கண்ணால் படிக்கவேண்டும். முதலில் வயிறு நிறைந்தது, பிறகு பருப்பும் காயும், பிறகு முட்டை, பிறகு வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்கார்ந்திருந்த பிள்ளை. ஒவ்வொரு படியும் முந்தைய படி விட்ட ஓட்டையை அடைத்திருக்கிறது.

இந்த வரிசையின் அறிவியலைச் சொன்னவர் சேலத்தில் 1918-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்திய டாக்டர் சி. கோபாலன். வளரும் நாடுகளுக்கெல்லாம் புரதப் பஞ்சம், புரத மாவு கொடுங்கள் என்று 1960-களில் உலகம் முழங்கியபோது, நம் பிள்ளைகளுக்கு முதல் குறை கலோரி, வழக்கமான பருப்பும் சோறும் வயிறாரக் கிடைத்தால் புரதக்குறை பெரும்பாலும் அதனோடு தீரும் என்று அவர் காட்டினார். வயிறு காய்ந்தால் உடம்பு புரதத்தையும் விறகாக எரித்துவிடும் என்பது எளிய உடலியங்கியல்.

சேர்ப்பதா, காப்பதா

கழிந்ததைத் திரும்பச் சேர்த்துவிட்டால் என்ன என்ற கேள்வி இங்கே எழும். சில இடங்களில் அதுவே ஒரே வழி. மலையடிவார மண்ணில் அயோடின் மிகக் குறைவு. அங்கே விளையும் எந்தக் காயிலும் அது போதிய அளவு வராது. உப்பில் சேர்த்ததால் முன்கழுத்துக் கழலை குறைந்தது. டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் 1950-களில் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய சோதனை அதற்குச் சான்று. தூத்துக்குடி உப்பளத்துக்கு உப்பில் அயோடின் கலக்கும் சட்டம் வந்ததும் அந்த வழியில்தான்.

அரிசியிலும் அண்மையில் அதே முயற்சி நடந்தது. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்த மாவை அரிசி வடிவில் அச்சாக்கி, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் ரேஷன் அரிசியில் கலந்தார்கள். களையும்போது அந்த மணிகள் மிதந்து நிறம் மாறித் தெரிய, பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்த வீடுகள் உண்டு. சத்தை அனுப்பியவர்கள் கூடவே விளக்கத்தை அனுப்பவில்லை. தலசீமியா போன்ற நோயுள்ளவர்கள் கூடுதல் இரும்பு பற்றி மருத்துவரைக் கேட்கவேண்டும் என்பதையும் கடைக்குக் கடை எழுதிவைத்திருக்கவேண்டும்.

செறிவூட்டலை நான் எதிர்க்கவில்லை. அதற்குரிய இடத்தைத்தான் கேட்கிறேன். கோபாலன் வாழ்க்கையே இதற்கு வழிகாட்டி. மாலைக்கண்ணுக்கும் கண்பார்வை இழப்புக்கும் எதிராக, பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விட்டமின் ஏ திரவம் கொடுக்கும் 1970-ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு அடித்தளமிட்டவர் அவர். கண் கெடும் குறைபாடு அருகியபின்னும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே தொடர்வதை முதுமையில் அவரே கேள்வி கேட்டார். கீரையையும் பழத்தையும் பாலையும் தட்டுக்குக் கொண்டுவரும் வேலையை அந்தத் திரவம் தள்ளிப்போடக்கூடாது என்பது அவர் கவலை. மருந்தாக வந்தது மருந்தாகவே போகவேண்டும்.

இதற்கிடையே தட்டின் மறுபக்கமும் கனத்துவிட்டது. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான இந்திய நீரிழிவு ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு. கலோரி மிகுந்தும் சத்து குறைந்தும் ஒரே உடம்பு இருக்கமுடியும். 2024-ஆம் ஆண்டின் தேசிய உணவு வழிகாட்டி, தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 விழுக்காட்டுக்கு மேல் போகவேண்டாம் என்கிறது. சோற்று மலையில் குழி செய்து குழம்பு ஊற்றும் நம் இலைக்கு இது பெரிய மாற்றம். இலையில் சோற்றின் இடத்தைப் பொரியலும் கூட்டும் பயறும் எடுத்துக்கொள்ளவேண்டும். காயின் விலை அதற்கு இடம் கொடுக்கவேண்டும். அரிசியை இலவசமாகவும் பருப்பை மலிவாகவும் கொடுக்கும் ரேஷன் கடை, அடுத்த நூறாண்டில் பயறும் காயும் பற்றி யோசிக்கலாம்.

முடிவாக

மாணவர்களே, இனி எந்த உணவைப் பற்றியும் ‘இதில் என்ன சத்து’ என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். வழியில் இதில் எது கழிகிறது? தட்டில் இதற்குத் துணை யார்? இது யார் வாய்க்கு, எப்போது போகிறது? முதல் கேள்வியை ஆலைக்காரரிடமும் சமையலறையிலும் கேட்கவேண்டும், இரண்டாவதை ஆய்வகத்தில், மூன்றாவதை வீட்டிலும் சட்டமன்றத்திலும்.

தொடங்க வெகுதூரம் போகவேண்டாம். உங்கள் விடுதிச் சமையலறை இருக்கிறது. அங்கே வாங்கும் அரிசி பச்சையா புழுங்கலா, எவ்வளவு தீட்டியது, வடிகஞ்சி எங்கே போகிறது, சாம்பாரில் தலைக்கு எத்தனை கிராம் பருப்பு, பரிமாறும் பெண்கள் எத்தனை மணிக்கு எதைச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு மாதம் எழுதுங்கள். அதைத் தமிழில் எழுதி, விடுதிக் காப்பாளருக்கும் சமையல் பொறுப்பாளருக்கும் கொடுங்கள். ஃபோர்டர்மான் சிறைகளில் செய்தது அவ்வளவுதான். அவர் கையில் நுண்ணோக்கி இல்லை, கணக்குப் புத்தகம் இருந்தது. அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை நிகழ்த்த வருகிறவர் உங்கள் கணக்கை மேற்கோள் காட்டிப் பேசவேண்டும் என்பது என் விருப்பம்.